என் பேரில் ஒரு மனை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை அந்த மனை விற்காமல்தான் இருந்தது. தரகர் தன் வண்டியில் முன்னால் போக, நான் என் ஸ்கூட்டியில் பின்னால் போய் அதைப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்ப வேண்டும். முந்தின வருடம் வரை கரும்பு போட்டிருந்த நிலம். சமன்செய்து, சிவப்பு மண் கொட்டி, மூலைக்கு மூலை கல் நட்டிருந்தார்கள். கரும்புக் கட்டைகள் அங்கங்கே மறுபடியும் துளிர்த்துக்கொண்டிருந்தன.

“கெழக்குப் பாத்த மனை சிஸ்டர். தண்ணி நல்ல தண்ணி. டியூட்டி முடிஞ்சா பத்து நிமிசத்துல வூடு வந்து சேந்துடலாம்,” என்றார் தரகர்.

நான் அதற்குள் மனதில் சமையலறையே கட்டிவிட்டேன். அடுப்புக்கு மேலே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் மேற்கே மலை தெரிய வேண்டும். அங்கே நின்று பார்த்தால் தெரிந்தது. எனக்குப் பேரம் பேசவே தோன்றவில்லை, அவ்வளவு பிடித்துவிட்டது.

கிளம்பும்போது தரகர் பேச்சுக்குக் கேட்டார். “சிஸ்டருக்குச் சொந்த ஊரு எதுங்க?”

“வெள்ளிமலைக்குப் பக்கத்துல.”

“அங்க போஸ்டிங்ல இருந்தீங்களா?”

“பொறந்ததே அங்கதாங்க.”

அவர் “ஓ” என்றார். பிறகு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியை இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. மனை முடிந்துவிட்டதாம், வேறு பார்ட்டி முந்திக்கொண்டதாம், அவருக்கே ரொம்ப வருத்தமாம்.

இது மூன்றாவது முறை. தரகர்கள் வேறு வேறு, இடங்கள் வேறு வேறு. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் மனை திங்கட்கிழமை விற்றுப்போவது மட்டும் மாறவில்லை. நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போய், ஸ்கூட்டியை நிறுத்தி, ‘மனை விற்பனைக்கு’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு வருவேன். ராத்திரியோடு ராத்திரியாக வாங்கிய அந்தப் பார்ட்டி ஒரு முள்ளைக்கூட வெட்டவில்லை. இரண்டு மழைக்காலம் போய், பலகையில் எழுத்து வெளுத்து, கரும்பு என் இடுப்பளவு வளர்ந்து நின்றது.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்தது கல்வராயன் மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து நான்கு மைல் நடந்தால் வருகிற ஒரு குக்கிராமத்தில். நாங்கள் மலையாளி சாதி, பழங்குடி. கீழ்நாட்டார் எங்களை மலைக்காரங்க என்பார்கள். எங்கள் ஊரில் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள் நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்த ஊரில் என் பேரில் ஒரு வீடு. யாரும் வந்து “அடுத்த மாசம் காலி பண்ணிக்குங்க” என்று சொல்ல முடியாத ஒரு வீடு.

பதினாறு வருடத்தில் ஏழு வாடகை வீடு மாறியிருந்தேன். நர்ஸ் குடியிருப்பதில் வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மாமியாருக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், மாமனாருக்கு ஊசி போட வேண்டும், பேத்திக்குக் காதில் எறும்பு போய்விட்டால் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஊசி போட என் கை வேண்டும். பத்திரத்தில்தான் என் பேர் ஆகாது.

முதல் வீட்டுக் கதையைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த வீட்டம்மா என் சாதிச் சான்றிதழை எப்படியோ பார்த்துவிட்டு, “நீங்க மலையாளியா? சொல்லவேயில்லையே! கேரளா நர்ஸுங்கன்னா வூட்டைச் சுத்தமா வெச்சிக்குவாங்க,” என்றார். நான் மறுக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, அலைந்து அலைந்து கிடைத்த வீடு அது. இரண்டு மாதம் கேரளாக்காரியாகவே இருந்தேன். பிறகு ஒரு நாள் முழங்கால் வரை வேட்டியும் தோளில் கம்பளியுமாக என் அப்பா சாமை மூட்டையோடு வந்து வாசலில் நின்றார். வீட்டம்மா யார் என்று கேட்டார். எங்கப்பா என்றேன். அந்த மாதக் கடைசியில் அவர்களுடைய மகன் திடீரென்று சென்னையிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருவதாக ஆகிவிட்டது. நான் காலி செய்தேன். மகன் வந்த மாதிரித் தெரியவில்லை.

அவர்கள் காலி செய்யச் சொன்னதைவிட, நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதம்தான் எனக்கு உறுத்தல். அப்பா வாசலில் நின்றபோது, ‘ஏன் இன்றைக்கு வந்தீர்கள்’ என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

மனை தேடத் தொடங்கியதும் வங்கிக் கடனுக்கு விசாரிக்கப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

“அப்பா பேர்ல சொத்து இன்னா இருக்குது மேடம்? வூடு, நெலம்?”

“வூடு இருக்குது. நாலு ஏக்கர் கொல்லையும் இருக்குது.”

“பட்டா?”

“இல்லீங்க.”

“பட்டா இல்லாம எப்படி மேடம் உங்களுதுன்னு சொல்றீங்க?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அவருக்கு அன்று சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த பிறகும் ரொம்ப வருடம் எங்கள் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ஏர் வைத்திருந்தால் ஏருக்கு வரி, மண் கொத்துகிற கொத்து வைத்திருந்தால் கொத்துக்கு வரி. அதற்கு மேல் வீட்டுக்கு ஓர் ஆள் அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். எத்தனை அடுப்பு புகைகிறதோ அத்தனை ஆள். அதனால் எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. கையில் நோட்டும் காதில் பேனாவும் வைத்த ஒருவன் மேடேறி வருவது தெரிந்தால், கரட்டுக் குன்றின் மேல் ஆடு மேய்க்கிறவர்கள் ஒரு கூவல் போடுவார்கள். உடனே அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். ஏரையும் கொத்தையும் தூக்கிப்போய்ப் புதருக்குள் மறைப்பார்கள். வருகிறவன் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: நாங்க விருந்தாளிங்க, வூட்டுக்காரங்க கீழ்நாட்டுக்குப் போயிருக்கறாங்க. எங்கள் ஊரே எங்கள் ஊருக்கு விருந்துக்கு வந்ததுபோல இருக்கும்.

ஜாகீர் ஒழிந்து, மலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, நிலத்தை அளக்க ஆள் அனுப்பியபோது எனக்கு எட்டு வயது. சங்கிலி, கொடிக்கம்பு, நோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு நான்கு பேர் வந்தார்கள். கரட்டிலிருந்து கூவல் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா ஏரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வந்தவர்களில் பெரியவர் எங்கள் வீட்டைக் காட்டி, “இது யாரு வூடுப்பா?” என்று கேட்டார்.

“தெரியலீங்க சாமி. நாங்க விருந்தாளிங்க,” என்றார் அப்பா.

“இந்தக் கொல்லை யாருது?”

“அதுவும் தெரியலீங்க.”

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வெயிலில் நடந்து வந்தவர்களைப் பார்த்து என் அம்மாவுக்கு மனது கேட்கவில்லை. அணைத்த அடுப்பைத் திரும்ப மூட்டி, சாமைச் சோறு ஆக்கி, அவரைக்காய்க் குழம்பு வைத்து நால்வருக்கும் போட்டாள். யார் வீடு என்று தெரியாத வீட்டில், எந்தப் பானை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததை அந்த நாலு பேரும் கவனிக்கவில்லையா? கவனித்திருப்பார்கள். ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்பா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர் முழுக்க அன்று அப்படித்தான் சொன்னது. காகிதத்தில் அந்த இடம் ஆளில்லாத காடாகிவிட்டது. புளி வாங்கவும் கடுக்காய் வாங்கவும் கீழேயிருந்து வந்து போய்க்கொண்டிருந்த சிலருக்கு, நோட்டுக்காரன் முன்னால் ‘என்னுது’ என்று சொல்லத் தெரிந்திருந்தது. அவர்களுக்குப் பட்டா வந்தது.

கீழ்நாட்டில் இந்தக் கதையைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வெள்ளந்தி ஜனம், ஏமாந்த ஜனம் என்பார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறும். என் அப்பா வெள்ளந்தி இல்லை. மூன்று தலைமுறையாக, நோட்டில் பேர் ஏறினால் ஆளைப் பிடித்துக்கொண்டு போவதைக் கேட்டும் கண்ணால் பார்த்தும் வளர்ந்தவர். மறைத்தால் பிழைக்கலாம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கற்றுக்கொடுத்தவர்களே பிறகு வந்து, ‘ஏன் மறைத்தாய்’ என்று கேட்பார்களாம். பட்டாவுக்கு நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு தலையணை ஆகும். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வங்கியில் நடந்ததை மலைக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன்.

“அன்னிக்கு என்னுதுன்னு சொல்லியிருந்தா உனக்கு இன்னிக்கு ஒதவியிருக்கும். நாந்தான் கெடுத்துட்டேன்.”

“நீங்க கெடுக்கலப்பா. இன்னொரு வாட்டி அப்டிச் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்,” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை.

நாலாவதாக ஒரு தரகர் கிடைத்தார். இவர் உள்ளதை உள்ளபடி பேசுகிற ஆள், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

“சிஸ்டர், நான் ஒன்னு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. உங்களுக்கு மனை அமையாததுக்குக் காரணம் ஊரு. லேஅவுட் போடறவன் பயப்படறான், மலைக்காரங்க வந்துட்டா மத்த மனைக்கு ரேட்டு கம்மியாயிடுமாம். யாராச்சும் ஊரு கேட்டா கச்சிராயபாளையம்னு சொல்லிடுங்க. மலையடிவாரம்தானே, பாதிப் பொய்தான். இல்லாட்டி உங்க கூட வேலை பாக்கறவங்க யாரு பேர்லயாவது முடிச்சிட்டு, ஒரு வருசம் கழிச்சு மாத்திக்கலாம்.”

“எங்கப்பா ஒரு வாட்டி அவரு வூட்டையே யாருதுன்னு தெரியாதுன்னு சொன்னாரு. அதுக்கே நாங்க இன்னும் அனுபவிச்சிக்கினு இருக்கறோம். ரெண்டாவது வாட்டி எங்க வூட்டுல யாரும் அப்டிச் சொல்ல மாட்டாங்க. என் பேர்ல, என் ஊரைச் சொல்லி வாங்கற மனை இருந்தா காட்டுங்க. இல்லாட்டி விடுங்க.”

“அப்ப கஷ்டம்தான் சிஸ்டர்,” என்றார். விட்டுவிட்டார்.

அப்பா மலையிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பும் மூட்டைகள் கடைவீதியில் ஒரு பாய் கடையில்தான் இறங்கும். அவர் மலைச்சரக்கு வியாபாரி. புளி, கடுக்காய், தேன் எல்லாம் எங்கள் ஆட்களிடமிருந்து வாங்கி விற்பவர். என் அப்பா வருடக்கணக்காக அவருக்குப் புளி போடுகிறார், வருடக்கணக்காக அவருடைய தராசைச் சந்தேகப்படுகிறார். அன்று மூட்டையை எடுக்கப் போன என்னிடம் பாய், “மனை இன்னாம்மா ஆச்சு?” என்று கேட்டுவிட்டார். நான் நிறுத்தாமல் கொட்டித் தீர்த்தேன். அவர் சிரித்தார்.

“சிரிக்காதீங்க பாய். எனக்குப் பத்திக்கினு வருது.”

“சிரிக்காம இன்னா பண்றது? நீ மூணு மனைதான் பாத்திருக்கற. என் கல்யாணத்துலேர்ந்து எனக்கு வூடு குடுக்காத தெருவையெல்லாம் எழுதினா இந்தக் கடை நோட்டு பத்தாது. பள்ளிவாசல் பக்கமாப் பாத்துக்குங்களேன் பாய், உங்களுக்கும் சவுகரியம்னுவான். என் சவுகரியத்துல அவனுக்கு அவ்ளோ அக்கறை.”

அப்போதுதான் சொன்னார். அவருக்கே ஒரு மனை இருந்தது. அவசரத்துக்கு விற்ற ஒருவரிடம் பல வருடம் முன்னால் வாங்கியது. கட்டப் போனபோது அந்தத் தெருவே திரண்டு வந்து மரியாதையாகப் பேசியதாம். ரொம்ப மரியாதையாகப் பேசினார்களாம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தெருக்காரர்கள். பாய் கம்பிவேலி போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

“எனக்குக் குடுக்கறீங்களா?” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புளியைக் கையில் எடுத்துத் தரம் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“சண்டை வரும்மா.”

“வரட்டும்.”

“எனக்குத் தெம்பு இல்ல. உனக்கு இருக்குது. எடுத்துக்க,” என்றார். விலையில் ஒரு ரூபாய் இறக்கவில்லை. இரக்கப்பட்டு இறக்கியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். வேறொரு வங்கியில், வாங்கப்போகும் மனையே அடமானத்துக்குப் போதும் என்று சொல்லிக் கடன் கொடுத்தார்கள்.

பத்திரம் எழுதுகிறவர் என் விலாசத்தைக் கேட்டுவிட்டு, குடியிருக்கும் வாடகை வீட்டு விலாசத்தையே போட்டார். எனக்கு அது போதவில்லை. என் ஊரையும் எழுதச் சொன்னேன்.

“அதுக்கு டோர் நம்பர் இருக்குதாம்மா?”

“வூடே இல்லைன்னு எழுதி வெச்சிருக்கறாங்க, டோர் நம்பர் எங்கேர்ந்து வரும்? ஊரு பேரை எழுதுங்க.”

“தேவையில்லம்மா. இத்தினி வருசத்துல யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கறேங்க.”

அவர் பாயைப் பார்த்தார். பாய் கூரையைப் பார்த்தார். கடைசியில், ‘கல்வராயன் மலை’ என்று தொடங்கி எங்கள் குக்கிராமத்தின் பேரையும் எழுதி, ‘பூர்வீகமாகக் கொண்டு தற்சமயம் கள்ளக்குறிச்சியில் வசித்துவரும்’ என்று சேர்த்தார். அச்சானதும் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல விரல் வைத்துப் படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

பாய் சொன்ன சண்டை கடைக்கால் தோண்டிய அன்றே வந்தது. மூன்று பேர் வந்தார்கள். முன்னால் நின்று பேசியவர் எனக்குக் கிழக்கே ஒட்டினாற்போல வீடு கட்டியிருந்தவர். ஊர்ப் பக்கம் கரும்பு நிலம் உள்ள விவசாயி, தெருவில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

“தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். உங்களைச் சொல்லல, நீங்க படிச்சவங்க. மலைக்காரங்கன்னா பத்து பேரு வருவாங்க, போவாங்க. சாராயம் கீராயம்னு நாளைக்குப் போலீஸு வந்து நிக்கும். பொம்பளைப் புள்ளைங்க இருக்கற தெரு. பாய்கிட்ட பேசித் திருப்பிக் குடுத்துடுங்க, நாங்களே உங்களுக்கு வேற எடம் பாத்துத் தர்றோம்.”

அவர்கள் பார்த்துத்தரும் இடம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

“பத்து பேரு இல்லீங்க. புதுமனை புகுவிழாவுக்கு நூறு பேரு வருவாங்க. உங்களுக்கும் பத்திரிக்கை வெக்கிறேன், வாங்க,” என்றேன். “சாராயம்னு சொன்னீங்க. காச்சறவன் மலைக்காரன்னே வெச்சிக்குவோம். வாங்கிக் குடிக்கறவன் எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும். குடிச்சிட்டுக் கெடக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரில ட்ரிப் ஏத்தறது நாந்தான். சொல்லட்டுமா?”

பின்னால் நின்ற ஒருவர் செருப்பைப் பார்த்தார். மூன்று பேரும் போய்விட்டார்கள். நான் பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து நானே தோண்டத் தொடங்கினேன்.

அவர்கள் அதோடு விடவில்லை. வேலைக்குத் தண்ணீர் கேட்ட கொத்தனாருக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் ஒரு குடம் கிடைக்கவில்லை. மறுநாள் அவருக்கு விழுப்புரத்தில் அவசர வேலை வந்துவிட்டது. நான் ஒரு நாள் லீவு போட்டு மலைக்குப் போய்ச் சொன்னேன். எங்கள் ஊரில் யார் வீடு கட்டினாலும் வீட்டுக்கு ஓர் ஆள் வருவது வழக்கம். கூலி கிடையாது, சோறு மட்டும்தான். ஜாகீர்தாருக்கும் வீட்டுக்கு ஓர் ஆள்தான் போனார்கள், ஆனால் அது இழுத்துக்கொண்டு போனது. இவர்கள் அவர்களாக வந்தார்கள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பதினோரு பேர் கொத்தும் மண்வெட்டியுமாக வந்து இறங்கினார்கள். கூடவே என் அப்பாவும், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல்.

லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் விட்டேன். இரண்டே நாளில் கடைக்கால் முடிந்தது. தெரு முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தது. மூன்றாம் நாள் கொத்தனார் விழுப்புரத்திலிருந்து திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல நூல் பிடித்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. சோறு மட்டும் அவருக்கும் போட்டோம்.

வீடு எழுந்தது. விழாவுக்கு நூறு பேர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நூற்றைத் தாண்டிவிட்டது. ஜீப்பின் மேலெல்லாம் உட்கார்ந்து வந்தார்கள். தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து குங்குமம் வாங்கிக்கொண்டு போனார்கள். கிழக்கு வீட்டின் கதவு அன்று முழுக்கச் சாத்தியிருந்தது. பத்திரிகையை நானே போய் அவர் கையில் கொடுத்திருந்தேன். வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

அதன் பிறகு ஐந்து வருடம் நானும் அவரும் ஒரே மதில் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். அவர் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்தபோது மதிலுக்கு மேலிருந்து கூப்பிட்டார்கள், போனேன். அது என் தொழில், அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் மட்டும் என் கேட்டைத் தாண்டி வந்ததில்லை.

போன தையில் ஒரு காலை நேரம் வந்தார். கையில் மடித்த தாள், சட்டைப்பையில் பேனா. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“சிஸ்டர், பெரிய பொண்ணு பேருக்கு இந்த வூட்டை எழுதி வெக்கிறேன். பத்திரம் எழுதறவரு நாலு எல்லையும் கேக்கறாரு. பழைய பத்திரத்துல மேக்கால எப்பவோ இருந்தவங்க பேரு இருக்குது. இப்ப இருக்கறவங்க பேரைப் போடணுமாம். உங்க பேரு, தகப்பனார் பேரு சரியாத் தெரிஞ்சா…”

“உள்ள வாங்க. நின்னுக்கினு எழுத முடியாது,” என்றேன்.

தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் என் பேரைச் சொன்னேன். எழுதினார். என் அப்பாவின் பேரைச் சொன்னேன். அதையும் எழுதினார்.

“அவ்ளோதான்,” என்று பேனாவை மூடினார்.

“ஊரு எழுதலியே.”

“எல்லைக்கு ஊரு தேவையில்ல சிஸ்டர். பேரு போதும்.”

“என் பத்திரத்துல எப்டி இருக்குதோ அப்டியே எழுதுங்க. அப்பதான் நாளைக்கு உங்க பொண்ணுக்கு வில்லங்கம் இருக்காது.”

பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து வந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து, கல்வராயன் மலை என்று தொடங்கி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். அவர் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். படித்தார். அவர் மகளுடைய வீடு எங்கே இருக்கிறது என்று இனி எந்த ஆபீசில் யார் கேட்டாலும், மலையிலிருந்து வந்த என் பேரைச் சொல்லி, அதற்குக் கிழக்கே என்றுதான் அவர்கள் தொடங்க வேண்டும்.